இடது முழங்கால்

இந்தமுறையும் மழை வரேல்லை. காலமை எழும்பினதிலயிருந்து வானத்தைப் பார்த்துப் பார்த்து என்ர கழுத்து நொந்ததுதான் மிச்சம். நல்லா ஒரு மழை அடிச்சு ஊத்தி, மைதானம் வெள்ளமாகி, மேட்ச் இல்லையாம் எண்டு ஆரும் வந்து சொல்லியிருந்தால் நானும் மாமியும் ஓட்டோ பிடிச்சு வெள்ளவத்தைக்குத் திரும்பிப் போயிருக்கலாம். ஆனா மழைக்கு மேட்சை நிப்பாட்டுற ஆக்களே இந்த றக்பிக்காரர்? சேத்துக்க புரளுறதெண்டால் அவங்களுக்குக் கலியாணவீடு. என்ர மனுஷன் மட்டும் என்ன திறமோ. முழங்கால் வரைக்கும் சேத்தோட வந்து, "தவம், இண்டைக்கு நல்ல விளையாட்டு" எண்டு சொல்லிக்கொண்டு என்ர வெள்ளைப் பெட்சீற்றில சாய்ஞ்ச மனுஷன்தானே. சரி, இப்ப நான் இருக்கிறது பந்தலுக்குக் கீழ, முன்வரிசையில, வெள்ளைத் துணி போர்த்த கதிரையில. வலப்பக்கம் மாமி, என்ர புருஷனைப் பெத்தவ. நீலச் சேலை, மஞ்சள் கரை. றெஜிமென்ட் ஜெர்சியின்ர நிறம். இதுக்கெண்டே போன வருஷம் வாங்கினவ. இடப்பக்கம் பிரிகேடியரின்ர மனிசி. முன்னால பச்சைப் புல்லில முப்பது ஆம்பிளையள் ஒருத்தனை ஒருத்தன் பிடிச்சு விழுத்திக்கொண்டிருக்கிறாங்கள். அந்தப் பக்கத்து அறையிலயிருந்து லவுட்ஸ்பீக்கரில ஒருத்தன் மூண்டு பாஷையிலயும் கத்துறான்: லெப்டினன்ட் டேவிட் நேசராஜா ஞாபகார்த்தக் கோப்பை, மூண்டாவது வருஷம். என்ர மனுஷன்தான், டீமுக்கு நெஸ். களத்தில் நெஸ், போர்க்களத்திலும் நெஸ். காயம் எண்டு சொல்லி ஒரு மேட்சும் தவற விடாத வீரன். மண்ணாங்கட்டி. ஒவ்வொரு வருஷமும் இதே வசனம். மாமி ஒவ்வொரு வருஷமும் இந்த இடத்தில என்ர கையைப் பிடிப்பா. இப்பவும் பிடிச்சிட்டா.

மாமியின்ர கை சூடு. பிறஷர் குளிசை போட்டவவோ தெரியேல்லை, கேக்கவேணும். எனக்கு அவ, அவவுக்கு நான், வேற ஆர் இருக்கினம். யாழ்ப்பாணத்தில இருக்கிற என்ர அண்ணன் செத்தவீட்டுக்கும் வரேல்லை, ஒரு கடிதமும் போடேல்லை. புருஷனை ஆமிக்கு விட்டவள் எண்டு அவருக்கு நான் அண்டைக்கே செத்தாச்சு. இஞ்ச கொழும்பில எண்டால் ஆமிக்காரனின்ர விதவை எண்டு முன்வரிசையில இருத்துவாங்கள், ஆனா மைதானத்து வாசல்ல நிண்ட பொடியன் என்ர அடையாள அட்டையை ரெண்டு தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தவன். "ஞாபகார்த்தம் என்ர மனுஷனுக்குத்தான் தம்பி" எண்டு சிங்களத்தில சொன்னன். அவன் வெக்கப்பட்டுச் சிரிச்சான். எனக்கு அவனில கோவம் வரேல்லை. கோவமெல்லாம் வேற இடத்தில கிடக்கு. பிரிகேடியரின்ர மனிசி கேக் தட்டை நீட்டிச் சிங்களத்தில சொல்லுறா. "சாப்பிடுங்க மிஸ், இந்த வருஷம் எங்கட பக்கம்தான் வெல்லும்போல. பாவம் பொடியள், சந்தோஷமா வெண்டிட்டுப் போகட்டும், பதினாலாம் திகதி எல்லாரும் மேல போகினம்தானே. கப்டன் கெலுமும்தான்." மேல எண்டால் வடக்கு. மேல எண்டால் சண்டை. கேக்கை வாங்கினன். வாங்கின கை அப்பிடியே நிக்குது. ஏனெண்டால் பத்து நிமிஷமா நான் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு விஷயம் இப்ப என்ர மூக்குக்கு முன்னால வந்து நிண்டிட்டுது.

எங்கட டீம் கப்டன் கெலும் திரும்புறதெல்லாம் ஒரே பக்கத்தாலதான். பந்து வலப்பக்கம் போனாலும் அவன் வலது காலை ஊண்டி, முழுசாச் சுத்தி வாறான். இடது காலில பாரம் போடுறானில்லை. ஸ்கிரம்முக்கு எட்டுப் பேரும் குனிஞ்சு தோளைக் குடுக்கேக்க கடைசியாக் குனியிறது அவன்தான். விசில் அடிச்ச இடத்தில எல்லாம் கையைத் தொடையில ஊண்டிக்கொண்டு நிக்கிறான், களைச்சவன் மாதிரி. களைப்பில்லை அது. பதினாலு வருஷமா ஆஸ்பத்திரியில நான் செய்யிறது இதுதான். ஆக்களின்ர நடையைப் பார்த்து எங்க நோ எண்டு சொல்லுறது. வாசலுக்கால வரேக்கையே சொல்லுவன், ஃபிசியோதெரபி மிஸ்ஸுக்குக் கண்ணில எக்ஸ்ரே எண்டு அட்டென்டன்ட்மார் பகிடி பண்ணுவாங்கள். பாராதை தவம், பாராதை. கேக்கைச் சாப்பிடு. அவன் சின்னப்பிள்ளையே, அவனுக்கு டொக்டர் இருக்கிறார், பிரிகேடியர் இருக்கிறார், மனிசி இருக்கிறா, ஒண்டரை வயதில ஒரு பெட்டைக்குஞ்சு இருக்கு. நீ ஆர்? ஓம், நான் ஆர். அவன் எங்கட வீட்டுக் குசினிக்குள்ள வந்து மாமியின்ர நண்டுக்கறிச் சட்டியை வழிச்சுத் துடைச்சுச் சாப்பிட்டவன். மாமியை அம்மே எண்டும் என்னை அக்கே எண்டும் கூப்பிடுறவன். என்ர மனுஷனின்ர சவப்பெட்டியை மூடேக்க சத்தம் போட்டு அழுதவன். முன்பக்கத்து வலது மூலையைத் தோளில தூக்கினவன். மாமி சொல்லுறா, "கெலும் இண்டைக்குக் கொஞ்சம் மெல்லமா ஓடுறான் என்ன?" நான் சொன்னன், "வெயில் மாமி."

என்ர மனுஷனை ஆமிக்கு ஆரும் சண்டை பிடிக்கக் கூப்பிடேல்லை. அதைத்தான் ஒருத்தரும் நம்பமாட்டினம். தேயிலைக் கொம்பனி ஒண்டில கிளாக்கா இருந்தவர். பின்னேரம் அஞ்சு மணிக்குப் பைலை மூடினால் அஞ்சரைக்கு மைதானம். ஃப்ளாங்கர். ஸ்கிரம்மின்ர ஓரத்தில ஒட்டிக்கொண்டு நிண்டு, பந்து வெளிய வந்த உடன முதல் ஆளாப் பாயிற வேலை. பாய்ச்சல் எண்டால் அப்பிடி ஒரு பாய்ச்சல். அதைப் பார்க்கத்தானே நானும் போய் விழுந்தனான். ஒருநாள் ஒரு கேணல் வீட்டுக்கே வந்தார், பிஸ்கட் பெட்டியோட. உத்தியோகம் தாறம், வீடு தாறம், பாலும் முட்டையும் தாறம், நீர் விளையாடினால் மட்டும் போதும் எண்டார். றக்பிக்காரரை அப்பிடித்தான் எடுக்கிறது, எல்லாருக்கும் தெரிஞ்ச வழக்கம். சீசன் முழுக்கக் கொழும்பில வைச்சிருப்பாங்கள், சீசன் முடிய ரெண்டு மூண்டு மாதம் மேல அனுப்புவாங்கள், அதிலயும் கந்தோர் வேலை, கணக்கெடுப்பு வேலை. நான் விடிய விடியச் சண்டை பிடிச்சனான். நீங்கள் தமிழன், உங்களுக்கு என்ன விசரே, அங்க நிக்கிறதும் எங்கட பிள்ளையள்தானே எண்டு கேட்டன். அவர் ஆறுதலாச் சொன்னார்: "எண்பத்திமூண்டில வீட்டைக் கொளுத்தேக்க என்னையும் அம்மாவையும் நாலு நாள் ஸ்டோர் றூமுக்குள்ள ஒளிச்சு வைச்சது ஆர்? எங்கட ஸ்கூல் டீமில விளையாடின சுனில். என்னை எரிக்க வந்தவனும் சிங்களவன்தான், காப்பாத்தினவனும் சிங்களவன்தான். நடுவில நிண்டது றக்பி, தவம். எனக்குக் கட்சியும் இல்லை, நாடும் இல்லை. டீம் மட்டும்தான்." நான் சிரிச்சன். மாமி புட்டு அவிச்சா. கேணல் தந்த பிஸ்கட்டை ஒரு கிழமையாச் சாப்பிட்டம். டீம் எண்டு சொல்லேக்க அவரின்ர முகம் இருந்த வடிவை நினைச்சால் இப்பவும் எனக்கு எரிச்சல் வருது. அழுகையும் வருது, எரிச்சல்தான் கூட.

கெலும் விழுந்திட்டான். இல்லை, எழும்பிட்டான். பச்சை ஜெர்சிக்காரன் ரெண்டு பேர் சேர்ந்து விழுத்தினவங்கள். எழும்பேக்க வலது கால்தான் முதல்ல ஊண்டினது, இடது கால் பேந்து இழுபட்டு வந்தது. ஓரத்தில குடைக்குக் கீழ நிக்கிற டீம் டொக்டர் கல்ஹேன அசையேல்லை. தண்ணிப் போத்தல் மட்டும் போகுது. அந்த மனுஷனுக்குக் கண் தெரியாதே? நானும் இப்பிடித்தானே அசையாமல் இருக்கிறன். இப்பிடித்தானே அண்டைக்கும். ஃபைனலுக்கு ஒம்பது நாள் இருக்கேக்க இவர் பயிற்சியால நொண்டிக்கொண்டு வந்தார். "டக்கெண்டு ஒரு சத்தம் கேட்டுது தவம், ஒண்டுமில்லை, ஐஸ் வைச்சால் சரி." கட்டிலில கிடத்தி முழங்காலை மடிச்சு, பாதத்துக்கு மேல நான் குந்தியிருந்து, கெண்டைக்காலை ரெண்டு கையாலயும் பிடிச்சு முன்னுக்கு இழுத்துப் பார்த்தன். நல்ல காலெண்டால் இழுபடாது, கல்லு மாதிரி நிக்கும். இது லாச்சி இழுபட்ட மாதிரி வந்திட்டுது. அலுமாரி லாச்சி. என்ர கைக்குள்ள அவரின்ர எலும்பு சறுக்கிக்கொண்டு வந்ததை என்ர விரல் இண்டைக்கும் மறக்கேல்லை. எலும்பைப் பிடிச்சு வைச்சிருக்கிற லிகமென்ட் அறுந்திட்டுது எண்டன். ஒப்பரேஷன், ஒரு வருஷம் ஓட்டமில்லை. அவர் என்ர வாயைப் பொத்தினார். உண்மையாவே கையால பொத்தினார். "ஆஸ்பத்திரி அட்டையில எழுதிப் போடாதையும். ஃபைனல் முடியட்டும். நீர் நினைச்சால் கட்டலாம், உமக்குத் தெரியாத கட்டே?" எனக்குத் தெரியாத கட்டே. புகழ்ந்து கேட்டால் நான் மயங்கிப்போவன் எண்டு அந்த மனுஷனுக்கு வடிவாத் தெரியும்.

ஒம்பது நாளும் பழகினம். அறையைச் சாத்திக்கொண்டு, மாமிக்குத் தெரியாமல். கால் மயிரை வழிச்சு, தோலுக்கு மெல்லிய பஞ்சுச் சுருள், அதுக்கு மேல வெள்ளைப் பிளாஸ்டர். முழங்காலுக்குப் பின்னால பெருக்கல் அடையாளம் மாதிரி ரெண்டு தரம், பக்கத்தால நாலு தரம். அறுந்துபோனது உள்ளுக்க செய்யவேண்டிய வேலையை வெளியால செய்விக்கிறது. வெட்கமில்லாமல் சொல்லுறன், எனக்கு அப்ப சந்தோஷமாத்தான் இருந்தது. புருஷன் மனிசிக்குள்ள ஒரு களவு. அவர் சிரிப்பார், நானும் சிரிப்பன், மாமி வெளியால நிண்டு "என்ன ரெண்டு பேரும் பகலில கதவைச் சாத்திக்கொண்டு" எண்டு பேசுவா, நாங்கள் இன்னும் சிரிப்பம். ஃபைனலில வெண்டாச்சு. தோளில தூக்கிக்கொண்டு போனாங்கள். இனிச் சொல்லுங்கோ எண்டன். லீவு முடியட்டும் எண்டார். லீவு முடிஞ்சுது. வருஷாந்த மெடிக்கல் வந்துது. கால் சரியில்லை எண்டு டொக்டர் ஒரு வரி எழுதினால் மேல அனுப்பமாட்டாங்கள், கொழும்பிலயே மேசை வேலை. ஆனா அந்த ஒரு வரிக்குப் பிறகு டீமிலயும் எடுக்கமாட்டாங்கள். அடுத்த சீசனுக்கு இவர்தான் கப்டன் எண்டு கேணல் சொல்லிப் போட்டார். கப்டன்! "மூண்டு மாதம்தானே தவம், கந்தோரில இருந்திட்டு வந்திடுவன், வந்து ரகசியமா ஒப்பரேஷன் செய்வம்." மெடிக்கல் அண்டு காலமை அஞ்சு மணிக்கு எழும்பிக் கட்டினன். காற்சட்டைக்குள்ள தெரியாத அளவுக்கு மெல்லிசா, ஒற்றைக் காலில பத்துத் தரம் துள்ளினாலும் விலகாத அளவுக்கு இறுக்கமா. என்ர சீவியத்திலயே அவ்வளவு திறமான கட்டு நான் கட்டினதில்லை. துள்ளிக்காட்டியிருக்கிறார். நூற்றுக்கு நூறு எண்டு எழுதிட்டாங்கள்.

கைதட்டுறாங்கள், என்ன, ஆர் போட்டது, எங்கட பக்கமோ. மாமி எழும்பி நிண்டு கைதட்டுறா. நானும் தட்டுறன். மூண்டு புள்ளி முன்னுக்கு நிக்கினமாம். மாமிக்கு இந்த விளையாட்டில ஒரு கோதாரியும் விளங்காது, இருபத்தைஞ்சு வருஷமாப் பார்க்கிறா, எந்தப் பக்கத்துக்கு ஓடுறதெண்டே இப்பவும் என்னட்டைத்தான் கேப்பா. ஆனா மகன் எப்பிடிச் செத்தான் எண்டது மட்டும் பாடம். வாறவை போறவைக்கெல்லாம் சொல்லுவா. முகாமை விட்டுப் பின்வாங்கச் சொல்லிக் கட்டளை வந்தது. வயல்வெளிக்கால ஒரு மைல் ஓடவேணும். என்ர பிள்ளை மற்றப் பிள்ளையளை ஓடச் சொல்லிப்போட்டுத் தான் பின்னால நிண்டான். பதினொரு தாய்மார் அவனை நினைச்சு விளக்கேத்தினம். பதக்கப் பெட்டியைத் திறந்து காட்டுவா. பிறகு மூடி, சேலைத் தலைப்பால துடைச்சு வைப்பா. அந்தப் பதினொரு பேரில ஒருத்தன், பண்டார எண்டு ஒரு சின்னப்பொடியன், முப்பத்தோராம் நாள் வீட்டை வந்து மாமியின்ர காலில விழுந்தான். "நெஸ் சேர் சிரிச்சவர் அம்மே. நீங்கள் ஓடுங்கோடா, எனக்கு இண்டைக்கு ஓடுற மூட் இல்லை எண்டு சொன்னவர்." மாமி அழுதுகொண்டே சிரிச்சா, அவன் அப்பிடித்தான் பகிடி விடுவான் எண்டு. நான் குசினிக்குள்ள போய்ப் பைப்பைத் திறந்துவிட்டிட்டு என்ர கையைக் கடிச்சன். ஓடுற மூட் இல்லையாம். கந்தோர் வேலையாம். ஒரு மைல் வயல், வரம்பு, சேறு. அந்தக் காலால அவர் நூறு யார் ஓடியிருப்பாரே? கட்டுறதுக்கு அங்க ஆர் இருந்தது?

அதுக்குப் பிறகு மூண்டு வருஷமா என்ர தலைக்குள்ள ஒரே ஒரு கேள்விதான். ஓடேலாமல்தான் நிண்டவரோ, ஓடேலுமெண்டாலும் நிண்டிருப்பாரோ. காலமை பல்லுத் தீட்டேக்க நிண்டிருப்பார் எண்டு நினைப்பன். அவர் அப்பிடிப்பட்டவர்தானே, சுனிலின்ர ஸ்டோர் றூமை மறக்காதவர், டீம் டீம் எண்டு செத்தவர். பஸ்ஸில போகேக்க, இல்லை, ஓடியிருப்பார் எண்டு நினைப்பன், என்னட்டை ஓடி வந்திருப்பார், முழுசா, சேத்தோட, பெட்சீற்றில வந்து விழுந்திருப்பார். நல்ல கால் இருந்து நிண்டிருந்தால் அவர் வீரன், நான் வீரனின்ர மனிசி, பாவமில்லை. கால் இல்லாமல் நிண்டவரெண்டால் அந்தப் பதக்கம் என்ர பிளாஸ்டருக்குக் குடுத்தது. இதைக் கேக்கிறதுக்கு அவர் இல்லை. இருந்தாலும் சொல்லமாட்டார், பகிடிதான் விடுவார். செத்த பிறகும் என்னைப் பேக்காட்டி ஏமாத்துற மனுஷன். மாமிக்கு இது ஒரு சொட்டும் தெரியக்கூடாது. என்ர மகன் நிண்டான் எண்ட ஒரு வசனத்திலதான் அந்த மனிசி எழும்புறா, குளிக்கிறா, ஒரு வாய் சோறு திண்ணுறா. அதைப் பிடுங்கிப்போட்டு நான் என்னத்தைக் குடுக்கிறது? அதோட என்னைப் பார்க்கிற பார்வையும் போயிடும். பொய் சொல்லக்கூடாது, அந்தப் பயம்தான் பெரிசு. பிள்ளை தவம் எண்டு கூப்பிட உலகத்தில வேற ஒருத்தரும் இல்லை.

இந்தமுறை கெலும் ஒரு ஆளை விட்டிட்டான். பச்சை ஜெர்சிக்காரன் இடப்பக்கத்தால அவனைத் தாண்டி ஓட, இவன் திரும்பப் பார்த்துத் திரும்பேலாமல், கையை மட்டும் நீட்டினான். கை மட்டும் நீட்டினான். பின்னுக்கு நிண்ட வேற ஆரோ பிடிச்சாங்கள், சனம் ஆவெண்டுது, ஆனா எனக்கு அது மைதானமாத் தெரியேல்லை. வயலாத்தான் தெரிஞ்சுது. கதிரையை விட்டு எப்ப எழும்பினன் எண்டு தெரியாது. மாமி "எங்க பிள்ளை" எண்டு கேக்க, "பாத்ரூம்" எண்டு சொன்னது மட்டும் ஞாபகம். படியால இறங்கி, கயித்துக்குக் கீழால குனிஞ்சு, குடைக்குக் கிட்டப் போனன். சிங்களத்திலதான் கதைச்சன். "டொக்டர், கெலுமின்ர இடது கால்." அந்த மனுஷன் திரும்பேல்லை. "தெரியும் மிஸ். மத்தியானம் நோ தெரியாமல் ரெண்டு ஊசி போட்டனான். விசில் அடிக்கும்வரைக்கும் தாங்கும்." "லிகமென்ட் அறுந்திருக்கு. நான் அங்கயிருந்து பார்த்தே சொல்லுவன்." "நான் கிட்ட இருந்து பார்த்தனான், அறுந்துதான் கிடக்கு." "அப்ப ஏன் எழுதேல்லை?" "எழுத வேண்டாமெண்டு கும்பிட்டுக் கேட்டவன் அவன்தான். எழுதினால் அவனுக்கு றக்பி முடிஞ்சுது. பிரிகேடியருக்கும் கோப்பை வேணும். நான் ஏன் நடுவில நிண்டு பேச்சு வாங்குவான்?" "பதினாலாம் திகதி அவனை மேல அனுப்புறாங்கள்." "அது என்ர வேலையில்லை மிஸ்." பிறகு, எனக்கு ஆறுதல் சொல்லுறாராம், குரலைக் குறைச்சு: "நெஸ் எவ்வளவு திறமாச் சமாளிச்சவர். அவரின்ர கால் இதைவிட மோசம். ஃபைனலுக்கும், பிறகு மெடிக்கலுக்கும், நான்தானே ஊசி போட்டனான். உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

சொல்லேல்லை. என்னட்டைச் சொல்லேல்லை. என்ர பிளாஸ்டரில துள்ளினார் எண்டு மூண்டு வருஷமா நான் நெஞ்சில தூக்கித் திரிஞ்சன், அவர் ஊசியில துள்ளியிருக்கிறார். முதல்ல எனக்கு வந்தது என்னெண்டால், சொல்லவே வெட்கமாயிருக்கு, ஒரு ஆறுதல். நான் மட்டுமில்லை, இந்த டொக்டரும்தான், கேணலுக்கும் தெரிஞ்சிருக்கும், எல்லாரும்தான் எண்டு. அந்த ஆறுதல் தொண்டைக்குழி தாண்டமுதலே கசந்து போச்சு. எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் கட்டினம், எல்லாரும் ஊசி போட்டம், எல்லாரும் கைதட்டினம், அவர் மட்டும் வயலில. இனி இந்தப் பிள்ளை. கடைசி விசில் அடிச்சிட்டான். மூண்டு புள்ளியால வெண்டிட்டினமாம். சனம் கயித்தைத் தாண்டி ஓடுது. என்னை ஆரோ தோளில தொட்டுக் கூப்பிடுறாங்கள், மிஸ், கெதியா வாங்க, கோப்பை குடுக்கவேணும். மாமி மேடையில ஏறி நிக்கிறா, ஒரு கையால கோப்பையின்ர ஒரு காதைப் பிடிச்சுக்கொண்டு, எங்க பிள்ளை போனனீ எண்டு கண்ணால பேசுறா. மற்றக் காதை நான் பிடிச்சன். பெரிய வெள்ளிக் கோப்பை, ரெண்டு பேர் பிடிச்சால்தான் சரி. பத்திரிகைக்காரர் ஏழெட்டுப் பேர் கமராவோட முன்னால. கெலும் ஏறி வாறான், ஒவ்வொரு படியிலயும் வலது காலை முதல்ல வைச்சு. சிரிக்கிறான். மைக்கை என்ர வாய்க்குக் கிட்டப் பிடிச்சு ஒரு வார்த்தை எண்டாங்கள்.

பேசினன். சிங்களத்தில, ஆஸ்பத்திரியில நோயாளிக்குச் சொல்லுற மாதிரி நிறுத்தி நிறுத்தி. நான் ஃபிசியோதெரபிஸ்ட். கப்டன் கெலுமின்ர இடது முழங்காலில லிகமென்ட் அறுந்திருக்கு. இவ்வளவு நேரமும் ஊசியிலதான் ஓடினவர். டீம் டொக்டருக்குத் தெரியும், இப்பதான் என்னட்டைச் சொன்னவர். இந்தக் காலோட இவரைப் பதினாலாம் திகதி சண்டைக்கு அனுப்பப் போகினம். பத்திரிகையில வடிவா எழுதுங்கோ, இடது கால். மைக்கைப் பறிச்சுப்போட்டாங்கள். பறிக்கட்டும், பேனைகள் ஓடத் துவங்கிட்டுது, பிரிகேடியர் வேர்த்துப்போய் டொக்டரைத் தேடுறார். இனி நூற்றுக்கு நூறு எண்டு ஒருத்தனும் எழுதேலாது. கெலுமின்ர முகத்தைத்தான் என்னால பார்க்கேலாமல் இருந்தது. கோப்பைக்கு நீட்டின கை அப்பிடியே நிக்குது. "அக்கே, என்னை முடிச்சுப் போட்டியள். இனி எனக்கு என்ன இருக்கு? நெஸ் இருந்திருந்தால் உங்கட முகத்தில காறித் துப்பியிருப்பார்." துப்பட்டும். வந்து துப்பட்டும். எனக்குள்ள மூண்டு வருஷமா அடைச்சுக்கொண்டு நிண்டது அப்பதான் உடைஞ்சுது. "துப்ப அவர் இல்லையடா! அவருக்கும் இதே காலடா. ஓட ஒரு கால் இருக்கேல்லை, அதுதான் நிண்டவர். மெடிக்கல் அண்டு விடிய எழும்பி நான்தான் பிளாஸ்டர் சுத்தி, நல்ல கால் எண்டு காட்டி அனுப்பினனான். நான் சாகடிச்சது உன்னையில்லையடா, அவரை" எண்டு கத்திப்போட்டன். கெலும் ஒண்டும் விளங்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நிண்டான். அப்பதான் தெரிஞ்சுது நான் கத்தினது தமிழில எண்டு. அந்த மேடையில தமிழ் தெரிஞ்சது ஒரே ஒராளுக்குத்தான். நான் திரும்பேல்லை. கோப்பையின்ர மற்றக் காதிலயிருந்து மாமியின்ர கை மெல்லக் கழண்டுது, பாரம் முழுக்க என்ர கைக்கு வந்திட்டுது.